யோகா விடுகிற ஒரு அடி

அருந்தவன் குளியலறைகளுக்கு டைல் பதிக்கிறவர். வயது ஐம்பத்திரண்டு. சிட்னியின் டூங்கபியில் ஒரு வீடு, ஒரு வெள்ளை வான், முழங்காலுக்குக் கட்டுகிற இரண்டு ரப்பர் மெத்தைகள், கராஜுக்குள் ஒரு டிரம்ஸ் செற். சொத்து என்னவென்று கேட்டால் இந்த ஒழுங்கில் சொல்லமாட்டார். டிரம்ஸைத்தான் முதலில் சொல்லுவார். மனவருத்தம் என்னவென்று கேட்டால் ஒரே சொல்லில் முடிப்பார்: யோகா.

யோகா என்றால் யோகராசா. பரமட்டாவுக்கும் சுற்றுப்புறத்துக்கும் பஸ் ஓட்டுகிற மனிதர். அருந்தவனைவிட மூன்று வயது மூப்பு. 'கடற்காகம்' என்று சிட்னியில் ஒரு தமிழ் ரொக் குழு இருக்கிறது. சொந்தமாகப் பாட்டுக் கட்டி, கிற்றாரும் டிரம்ஸுமாக இடி முழக்குகிற கூட்டம். அதில் பதினெட்டு வருடமாக டிரம்ஸ் அடித்தவர் யோகா.

அடித்தவர் என்று சொல்லுவதைவிட, அடிக்காமல் விட்டவர் என்று சொல்லுவதுதான் சரி. பாட்டு சூடேறி, பல்லவிக்குத் திரும்பப்போகிற இடத்தில், ஒன்று இரண்டு மூன்று என்று யோகாவின் குச்சி விழும். நாலாவது விழாது. வலது குச்சி காது மட்டத்தில் அப்படியே நிற்கும். இடது கை பித்தளைத் தட்டை எட்டிப் பிடித்து அதன் இரைச்சலையும் அடக்கிவிடும். கிற்றாரும் நிற்கும், பாட்டும் நிற்கும். அந்த ஒரு கணத்தில் யோகா தலையைச் சரித்து இடப்பக்கம் மேலே ஒரு பார்வை பார்ப்பார். அவ்வளவுதான். சனம் அந்த வெறும் இடத்துக்குள் "ஹோய்!" என்று கத்தும். கத்தி முடிய அடி விழும். மண்டபம் குதிக்கும்.

இதற்குப் பெயர் 'யோகா அடி'. அருந்தவனுக்கு வயிறு எரிகிற இடம் இதுதான். அடிக்காத அடிக்கு ஒரு பெயர்! ஒருவன் நாலு அடியில் ஒன்றைக் குறைத்துப்போட்டால் அதற்குப் பெயர் வேலைக் குறை. தான் ஒரு குளியலறையில் நாலுக்கு ஒரு டைல் பதிக்காமல் விட்டுவிட்டு, அதற்கு 'அருந்தவன் டைல்' என்று பெயர் வைத்தால் வீட்டுக்காரன் சும்மா விடுவானா?

ஆனால் சிட்னியில் டிரம்ஸ் பழகுகிற தமிழ்ப் பிள்ளைகள் முதலில் பழகுவது அதைத்தான். பிறந்தநாள் விழாவில் அடிக்கிற பொடியன்கள் அதைச் செய்கிறார்கள். பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டில் பாட்டுப் போடுகிறவன்கூட அந்த இடத்தில் பாட்டை ஒரு கணம் அறுத்துவிட்டு மேலே பார்க்கிறான். மெல்பேர்னில் அக்ஷரா என்று ஒரு பெண், மலேசியாவிலிருந்து படிக்க வந்து நர்ஸாக இருக்கிறாள். அவள் அடித்த வீடியோ ஒன்று எல்லோருடைய போனுக்கும் போயிற்று. அதிலும் மூன்று அடி, ஒரு வெறுமை, இடப்பக்கம் மேலே ஒரு பார்வை. கீழே நானூறு பேர் யோகா அங்கிளின் வாரிசு என்று எழுதியிருந்தார்கள். அருந்தவன் அந்த நானூறையும் வாசித்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில், வானுக்குள் இருந்து, புட்டு ஆற ஆற வாசித்தார்.

அருந்தவனுக்கு டிரம்ஸ் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஏழு அடித் தாளமும் ஒன்பது அடித் தாளமும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அடிப்பார். வேலை முடிந்து வந்து, கையில் ஒட்டிய சிமெந்தைக் கழுவிவிட்டு, கராஜுக்குள் இரண்டு மணி நேரம் சாதகம் செய்வார். இருபத்தைந்து வருடமாக அப்படித்தான். யோகா வீட்டில் டிரம்ஸே இல்லை. பஸ்ஸில் சிக்னலுக்கு நிற்கும்போது ஸ்டியரிங்கில் விரலால் தட்டுவது மட்டும்தான் மனிதருடைய சாதகம். இதை யோகாவே சிரித்துச் சிரித்துச் சொல்லுவார். அதைக் கேட்டுச் சனம் இன்னும் கூடப் புகழும்.

ஒருமுறை ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போனபோது, சாப்பாட்டுக் கூடத்தில் புளியோதரைக்கு வரிசையில் நின்றார் அருந்தவன். முன்னால் யோகா நின்றார். யாரோ ஒருவர் ஓடிவந்து யோகாவைக் கட்டிப்பிடித்து, "அண்ணை, உங்கட அந்தக் கை நிக்கிற நிலை இருக்கே, அப்பிடியே உடம்பு சிலிர்க்கும்," என்றார். பிறகு பின்னால் திரும்பி, "அட, பியூஸ் அண்ணையும் நிக்கிறியள்!" என்றார்.

பியூஸ் அண்ணை. இந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொன்னால்தான் யோகா அடி எப்படி வந்தது என்பதும் விளங்கும். இரண்டும் ஒரே நாளில், ஒரே மண்டபத்தில் பிறந்தவை.

இரண்டாயிரத்து ஏழாம் வருடம். கடற்காகம் புதிதாகத் தொடங்கிய காலம். அதன் தலைவர் நரசிம்மன், சென்னைக்காரர், கொம்பியூட்டர் வேலை, கிற்றார் வாசித்துக்கொண்டு பாடுவார். டிரம்ஸ் அருந்தவன். முதலாவது பெரிய நிகழ்ச்சி ஒரு கலியாண வரவேற்பு. கவுன்சில் மண்டபம். அந்த மண்டபத்துக்குச் சுற்றிலும் வீடுகள். அயலவர்கள் முறைப்பாடு கொடுத்துக் கொடுத்து, கவுன்சில் மேடையின் இடது பக்கச் சுவரில், திரை மறைவில், உயரத்தில், ஒரு சத்தப் பெட்டியைப் பூட்டியிருந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று லைட். சத்தம் கூடிச் சிவப்பு எரிந்தால் பெட்டி எண்ணத் தொடங்கும். ஐந்து விநாடி தொடர்ந்து எரிந்தால் மேடைக்கு வருகிற மின்சாரத்தை அறுத்துவிடும். இடையில் ஒரு கணம் சத்தம் விழுந்தால் போதும், முதலிலிருந்து எண்ணும். பாடுகிறவர்கள் சனத்தைப் பார்த்து நிற்பதால் அது அவர்களுக்குத் தெரியாது. டிரம்ஸ் கதிரையில் இருக்கிறவனுக்கு மட்டும்தான் தெரியும்.

மண்டபக் காவலாளி அதை அருந்தவனிடம் சொல்லித்தான் விட்டார். அருந்தவன் தலையாட்டினார். பிறகு பொம்பிளை மாப்பிள்ளை உள்ளே வந்தார்கள், பாட்டுத் தொடங்கியது, அருந்தவன் கண்ணை மூடிக்கொண்டு தன் உயிரைக் கொடுத்து அடித்தார். பெட்டி ஐந்து வரை எண்ணியது. கிற்றார் செத்தது. கீபோர்ட் செத்தது. மைக் செத்தது. டிரம்ஸுக்கு மின்சாரம் தேவையில்லையே! கண் மூடியிருந்த அருந்தவன், மற்ற எல்லாம் நின்றது தெரியாமல், அரை நிமிடம் தனியே இடித்தார். கண் திறந்தபோது நானூறு பேர் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார்கள். மாப்பிள்ளை ஒரு காலைத் தூக்கியபடி நின்றார். வீடியோக்காரன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டான். அந்த வீடியோ இன்றைக்கும் யாராவது ஒருவருடைய போனில் உயிரோடு இருக்கிறது. பியூஸைப் போக்கின ஆள் என்று அன்றைக்கு ஒட்டின பெயர்தான் பியூஸ் அண்ணை.

காவலாளி வந்து பெட்டியின் பூட்டுக்குத் திறப்புப் போட்டு மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்து, இன்னொரு தரம் அறுந்தால் நிகழ்ச்சி அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். நரசிம்மன் வியர்த்து ஊற்றியபடி மண்டபத்தைப் பார்த்துக் கேட்டார்: "மெதுவா டிரம்ஸ் வாசிக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?"

மாப்பிள்ளை வீட்டாரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்த டிரைவர், மூலை மேசையில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், கையைக் கழுவிவிட்டு வந்து ஏறினார். கொழும்பில் பள்ளிக்கூட பாண்டில் அடித்த ஆள். ஏறுகிறபோதே காவலாளி அவருக்கும் பெட்டியைக் காட்டிவிட்டார். அதுதான் யோகா.

அருந்தவன் மேடை ஓரத்துச் சுவரோடு சாய்ந்து நின்று பார்த்தார். மற்றவர்கள் யோகாவின் கையைப் பார்த்தார்கள். அருந்தவன் பெட்டியைப் பார்த்தார். அதனால்தான் அவருக்கு மட்டும் தெரியவந்தது. பாட்டு ஏறுகிறபோது சிவப்பு எரிந்தது. யோகா அதை நிமிர்ந்து பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. பயந்துபோய்க் கையைத் தூக்கிவிட்டார், தட்டையும் பிடித்துவிட்டார். லைட் பச்சைக்கு விழுந்தது. அடுத்த அடியைப் போட்டார். மண்டபம் அந்த வெறுமைக்குள் "ஹோய்!" என்றது.

சனம் அதைக் கலை என்று நினைத்தது. நரசிம்மனும் அப்படித்தான் நினைத்தார். பிறகு கட்டிய பாட்டுகளில் எல்லாம் அந்த இடத்தை விட்டுக் கட்டினார். பதினெட்டு வருடமாக உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர். யோகா சொல்லவில்லை. அருந்தவனும் சொல்லவில்லை. சொல்லப்போனால் பெட்டியின் கதையைச் சொல்ல வேண்டும், பெட்டியின் கதையைச் சொன்னால் பியூஸ் அண்ணையின் கதையை முதலில் சொல்ல வேண்டும். எத்தனையோ தரம் நாக்கு நுனிவரை வந்து, அப்படியே விழுங்கியிருக்கிறார்.

போன வருடம் தமிழ் றேடியோவில் ராகவி என்கிற அறிவிப்பாளர் யோகாவைப் பேட்டி எடுத்தாள். அருந்தவன் பசை வாளியோடு வானில் போய்க்கொண்டிருந்தார்.

"யோகா அங்கிள், அந்த இடைவெளி எப்பிடி உங்களுக்குள்ள வந்தது? மனசில தோன்றினதோ?" என்று கேட்டாள் ராகவி.

"ஓம் பிள்ளை, மனசில வந்ததெண்டுதான் சொல்லவேணும்," என்றார் யோகா.

"மனசிலயோ!" என்று அருந்தவன் வானுக்குள் தனியே கத்தினார். "லைட்டில வந்தது, கள்ளா! லைட்டில!" பக்கத்துப் பாதையில் காரோட்டிய வெள்ளைக்காரி ஜன்னலை ஏற்றிக்கொண்டாள்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டிலும் அதே கதைதான். மனைவி நாகேஸ்வரி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், நாள் முழுக்க மற்றவர்களின் புலம்பலைக் கேட்டு வருகிறவள். குசினியில் நின்று கேட்டுவிட்டுச் சொன்னாள்: "என்னப்பா, நீங்கள் யோகா அண்ணையையே கலியாணம் கட்டியிருக்கலாம். என்னைப் பற்றி ஒரு நாளும் இவ்வளவு கதைச்சதில்லை."

"உனக்கு விளங்காது, நாகேஸ்."

"விளங்குது. அந்த மனுசன் ஒண்டை அடிக்காமல் விட்டதுக்கு நீங்கள் பதினேழு வருசமா என்ர தலையில அடிக்கிறியள்."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் இந்த வருடம் மாசி மாதம் நரசிம்மனின் அழைப்பு வந்தது. அருந்தவன் ஒரு வீட்டின் குளியல் தொட்டிக்குள் குந்தியிருந்து மூலை டைல் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அருந்தவன், சௌக்கியமா இருக்கீங்களா? நரசிம்மன் பேசறேன்."

பதினெட்டு வருடத்தில் முதல் அழைப்பு. அருந்தவன் தொட்டிக்குள்ளேயே எழுந்து நின்றார்.

"யோகாவுக்குத் தோள்ல ஆபரேஷன் ஆயிடுச்சு. ஸ்டியரிங் பிடிச்சுப் பிடிச்சு எல்லாம் கிழிஞ்சு போச்சாம். இனிமே டிரம்ஸ் வாசிக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். சித்திரைத் திருவிழாவுக்குப் பரமட்டா பார்க்ல நம்ம ஷோ. திறந்தவெளி. நீங்க வர்றீங்களா?"

"வாறன்," என்றார் அருந்தவன். கேட்டு முடிய முதலே சொல்லிவிட்டார்.

"ஒரே ஒரு விஷயம். அந்த கேப். அது யோகா மாதிரியே வரணும். ஜனங்க அதுக்குத்தான் வர்றாங்க. இந்த ஷோ நல்லா போச்சுன்னா சீட் உங்களுதுதான். இல்லைன்னா மெல்பர்ன்ல அக்ஷரா ரெடியா இருக்கா. மனசுல வச்சுக்குங்க."

போனை வைத்த பிறகு அருந்தவன் தொட்டியின் விளிம்பில் இருந்தார். திறந்தவெளி. சுவர் இல்லை. பெட்டி இல்லை. சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. ஒரு மனிதன் தன் கை முழுவதையும் போட்டு அடிக்கலாம். அந்த நாலாவது அடியில், யோகா பயத்தில் விட்ட அந்த ஓட்டையில், தான் இருபத்தைந்து வருடமாகச் சேர்த்துவைத்த உருட்டலை, இரண்டு குச்சியும் இடைவிடாமல் ஓடுகிற அந்த அடியை, போட்டு நிரப்பினால்? சனம் அண்ணாந்து பார்க்கும். அதற்குப் பிறகு அதற்கு அருந்தவன் அடி என்று பெயர். பியூஸ் என்கிற பெயர் அன்றைக்கே செத்துப்போகும்.

ஒருவருக்கும் சொல்லவில்லை. நரசிம்மன் வீட்டுக் கராஜில் நடந்த ஒத்திகைகளில் ஒழுங்காகக் கையைத் தூக்கி, தட்டைப் பிடித்து, நல்ல பிள்ளையாக இருந்தார். நரசிம்மன் தோளில் தட்டினார். தன் கராஜில் மட்டும் அந்த ஓட்டையை உருட்டி உருட்டி நிரப்பினார்.

நாகேஸ்வரி விடவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை தோடம்பழப் பையோடு யோகாவைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனாள். யோகா கையைக் கழுத்துத் துணியில் தொங்கப்போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார். மெலிந்து போயிருந்தார். சுவரில் வாலிபப் பிள்ளைகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரு டிரம் தோல், சட்டம் போட்டுத் தொங்கியது. அருந்தவன் அதிலிருந்த கையெழுத்துகளை எண்ணினார். முப்பத்தொன்று.

"நீ அடிக்கிறாய் எண்டு கேட்டுச் சந்தோசம்," என்றார் யோகா. "உன்ர கைக்கு நல்ல பலம். மண்டபத்துக்குத்தான் கூடாது. வெளியில வடிவா இருக்கும்."

"மண்டபத்துக்கு ஏன் கூடாதெண்டு உங்களுக்குத்தானே தெரியும், யோகாண்ணை."

யோகா சிரித்தார். "எனக்கும் உனக்கும்," என்றார். நாகேஸ்வரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். வானில் திரும்பி வரும்போது, "என்ன உங்கள் ரெண்டு பேருக்குள்ளயும்?" என்று கேட்டாள். அருந்தவன் றேடியோவைப் போட்டார். அந்த மெலிந்த மனிதரைப் பார்த்து இரக்கப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. முப்பத்தொரு கையெழுத்து அதற்கு இடம் விடவில்லை.

திருவிழா சனிக்கிழமை. ஆற்றோரப் பூங்கா, பகல் இரண்டு மணி வெயில். கொத்துரொட்டித் தகரம் ஒருபக்கம் அதிர, தோசைக்கு ஒரு வரிசை, சர்பத்துக்கு ஒரு வரிசை. இரண்டாயிரம் பேராவது இருக்கும். மேடைக்கு முன்னால் முதல் வரிசையில் மடக்குக் கதிரை போட்டு யோகாவை இருத்தியிருந்தார்கள். போகிற வருகிறவர்கள் எல்லாம் குனிந்து அவருடைய நல்ல கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். மேடைக்குப் பின்னாலிருந்து அருந்தவன் அதையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலில் மெல்பேர்ன் குழு. அக்ஷரா அடித்தாள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல கை. ஆனால் அந்த இடம் வந்ததும் மூன்று அடி, கை நின்றது, இடப்பக்கம் மேலே பார்வை. இரண்டாயிரம் பேர் "ஹோய்!" என்றார்கள். இறங்கி வந்தவளை அருந்தவன் மறித்தார்.

"பிள்ளை, அந்த இடத்தில ஏன் மேல பாக்கிறாய்?"

"அது யோகா அங்கிள் ஸ்டைல், அங்கிள்," என்றாள் அவள், மூச்சு வாங்கியபடி. "அங்க பார்த்தாத்தான் அந்த கேப் கரெக்டா விழும். ட்ரை பண்ணிப் பாருங்க. சாமி கும்பிடற மாதிரி ஒரு இது."

"சாமியோ?"

"ஆமா அங்கிள். ரொம்ப ஸ்பிரிச்சுவல்."

அருந்தவனுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே காறித் துப்பவும் வந்தது. கவுன்சில் பூட்டின ஒரு தகரப் பெட்டி. அதைக் கும்பிட்டுக்கொண்டு ஒரு தலைமுறை! இப்போதே மேடை ஏறி மைக்கில் சொல்லிவிடலாமா என்று இருந்தது. வேண்டாம். கை சொல்லட்டும்.

கடற்காகத்தின் முதல் பாட்டு. நரசிம்மன் கிற்றாரில் இழுத்தார். அருந்தவன் அடித்தார். வெளிக்காற்றில் அவருடைய அடி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. சனம் ஆடியது. இடம் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நாலில் அருந்தவன் உருட்டினார். மலையிலிருந்து பாறை உருளுகிற மாதிரி உருட்டினார்.

சனம் "ஹோய்" என்றது. ஆனால் அந்த ஹோய் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. உருட்டலுக்குள் விழுந்து அரைபட்டுப் போயிற்று. குதிக்கத் தூக்கிய கால்கள் குழம்பின. ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒரு பிள்ளையின் சர்பத் கொட்டியது. யாரோ ஒருவன் பின்னாலிருந்து, "பியூஸ் அண்ணை, பிறேக் போடுங்கோ!" என்று கத்தினான். இரண்டாயிரம் பேர் சிரித்தார்கள்.

நரசிம்மன் திரும்பிப் பார்த்தார். பாடிக்கொண்டே பார்த்த பார்வை அது. பாட்டு முடிந்ததும் மைக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "என்ன பண்றீங்க? அடுத்தது பெரிய பாட்டு. அதுலயும் இதே மாதிரின்னா அக்ஷரா சைடுல நிக்கறா. சொல்லிட்டேன்."

அக்ஷரா உண்மையிலேயே பக்கத்தில் நின்றாள், கையில் குச்சியோடு.

அருந்தவனின் காது கொதித்தது. நாலு அடி எண்ணத் தெரியாத சனம், நல்ல உருட்டலை விளங்காத சனம் என்று மனதுக்குள் திட்டினார். முன்வரிசையைப் பார்க்காமல் இருக்க முயன்றார், முடியவில்லை. யோகா சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம்.

பெரிய பாட்டுத் தொடங்கியது. அருந்தவன் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தார். இந்த முறையும் உருட்டுவேன், இன்னும் நீளமாக, சனம் பழகட்டும் என்று தீர்மானித்திருந்தார். பாட்டு ஏறியது. கிற்றார் கத்தியது. கீழே யோகாவின் முகம் தெரிந்தது. யோகா அருந்தவனைப் பார்க்கவில்லை. தலையைச் சரித்து, இடப்பக்கம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒன்றுமில்லை. வெறும் வானம். ஆனாலும் அந்த மனிதருடைய கழுத்து திரும்பியிருந்தது. கட்டுப் போட்ட தோளுக்கு மேலே அந்த முகத்தில் இருந்தது சாமியுமில்லை, கலையுமில்லை. பஸ் டிரைவருடைய முகம். பெட்டி எப்போது அறுக்குமோ என்கிற பயம். பதினெட்டு வருடமாக ஒவ்வொரு பாட்டிலும் இந்த மனிதர் இதே பயத்தோடுதான் இருந்திருக்கிறார்.

ஒன்று.

அந்தப் பயம் அருந்தவனுக்குத் தெரியும். நானூறு பேர் வாயைப் பொத்திக்கொண்டு இருந்த அந்த மண்டபத்தை அவரைவிட யாருக்குத் தெரியும்.

இரண்டு.

அருந்தவனுடைய கழுத்து தானாகத் திரும்பியது. அவர் திருப்பவில்லை. இடப்பக்கம், மேலே. இரண்டு வெள்ளைக் கொக்கட்டூப் பறவைகள் கத்திக்கொண்டு போயின.

மூன்று.

கை எழும்பி நின்றது. இடது கை போய்த் தட்டைப் பிடித்தது. ஆற்றோரம் முழுவதும் ஒரு கணம் ஒன்றுமேயில்லாமல் கிடந்தது.

"ஹோய்!"

இரண்டாயிரம் தொண்டை. அது நேரே டிரம்ஸ் கதிரைக்கு வந்தது. நெஞ்சில் வந்து மோதியது. கீழே நின்று அதைக் கேட்டது வேறு, வீடியோவில் கேட்டது வேறு. இந்தக் கதிரையில் இருக்கிறவன் மேல்தான் அது முழுக்க வந்து விழுகிறது. கை சும்மா நிற்கிற நேரத்தில் விழுகிறது. தான் பதினெட்டு வருடமாகப் பொறாமைப்பட்டது பெயருக்கும் கையெழுத்துக்கும் என்று அருந்தவன் நினைத்திருந்தார். அது போதாது. இது தெரிந்திருந்தால் இன்னும் எவ்வளவு பொறாமைப்பட்டிருக்கலாம்! யோகா இதைக் கிழமைக்குக் கிழமை வாங்கித் தின்றுவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரிப் போய் பஸ் ஓட்டியிருக்கிறான்.

நாலாவது அடியைப் போட்டார். சனம் குதித்தது.

மிச்சப் பாட்டில் அந்த இடம் இன்னும் மூன்று தரம் வந்தது. மூன்று தரமும் அருந்தவன் மேலே பார்த்தார். கடைசித் தரம் கொஞ்சம் வேண்டுமென்றே பார்த்தார்.

கீழே இறங்கியபோது நரசிம்மன் கட்டிப்பிடித்தார். "இதைத்தான் சொன்னேன். முதல் பாட்டை மறந்துடறேன். சீட் உங்களுது." அக்ஷரா குச்சியைப் பைக்குள் போட்டுக்கொண்டே, "பார்த்தீங்களா அங்கிள், மேல பார்த்தா வரும்னு சொன்னேன்ல?" என்றாள். முன்பின் தெரியாத ஒரு அம்மா ஓடிவந்து அருந்தவனின் இரண்டு கையையும் பிடித்தாள். "தம்பி, கண்ணை மூடினால் அப்பிடியே யோகா அண்ணைதான்! ஒரு வித்தியாசமும் தெரியேல்லை!" என்றாள். அவள் மனம் நிறைந்து சொன்னாள். அருந்தவனுக்கு அது நெஞ்சுக்குள் கண்ணாடித் துண்டாக இறங்கியது.

யோகா கதிரையில் இருந்து றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றார் அருந்தவன்.

"கடைசியில கொஞ்சம் நீட்டிப்போட்டாய்," என்றார் யோகா. "அஞ்சு விநாடி எண்ணுறதை நிப்பாட்ட அவ்வளவு தேவையில்லை."

"இஞ்ச ஏதண்ணை அஞ்சு விநாடி? பெட்டியே இல்லை."

"இல்லைத்தான்." யோகா றோல்ஸைக் கடித்தார். "அந்த மண்டபத்தைக்கூட இடிச்சு எட்டு வருசம். சொன்னால் கழுத்துக் கேக்குதோ?"

அருந்தவன் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "ஏன் அண்டைக்கு றேடியோவில மனசில வந்ததெண்டு சொன்னனீங்கள்?"

"அந்தப் பிள்ளை மனசில வந்ததோ எண்டுதானே கேட்டது? லைட்டில வந்ததோ எண்டு இண்டு வரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டால் சொல்லியிருப்பன்." றோல்ஸை இன்னொரு கடி கடித்து, "உன்ர பேரையும் சொல்லவேண்டி வந்திருக்கும். நீ அறுத்தபடியால்தானே எனக்கு எங்க விடவேணும் எண்டு தெரிஞ்சது," என்றார்.

இதைக் கேட்டால் மனம் ஆறும் என்று யாராவது நினைக்கலாம். ஆறவில்லை. பதினெட்டு வருடம் பிந்தி, வாய் நிறைய றோல்ஸோடு, ஒருவரும் கேட்காத இடத்தில் சொன்னால் அது எந்தக் கணக்கில் சேர்த்தி? அருந்தவன் அதைச் சொல்ல வாயெடுத்தார்.

அப்போதுதான் ராகவி வந்தாள். கழுத்தில் றேடியோ நிலைய அட்டை, கையில் பஞ்சு மூடிய மைக். யோகாவிடம்தான் போகிறாள் என்று அருந்தவன் கதிரையைத் தள்ளி வழிவிட்டார். அவள் மைக்கைக் கொண்டுவந்து அருந்தவனுடைய வாய்க்கு நேரே நீட்டினாள்.

"அருந்தவன் அங்கிள், இண்டைக்கு நீங்கள் அந்த இடைவெளியை விட்ட விதம் எல்லாரையும் உலுக்கிப்போட்டுது. முதல் பாட்டில நிரப்பினீங்கள், ரெண்டாவதில விட்டீங்கள். அந்த வித்தியாசம் எப்பிடி உங்களுக்குள்ள வந்தது? நேயர்களுக்குச் சொல்லுங்கோ."

இதோ மைக். சிட்னி முழுவதும் கேட்கும். பதினெட்டு வருடமாக வானுக்குள் தனியே கத்தியது, குசினியில் நாகேஸ்வரியின் காதில் போட்டது, நாக்கு நுனிவரை வந்து விழுங்கியது எல்லாவற்றையும் இப்போது ஒரே மூச்சில் சொல்லலாம். மண்டபம், காவலாளி, தகரப் பெட்டி, சிவப்பு லைட். யோகா அடி என்று ஒன்று இல்லவே இல்லை என்று சொல்லலாம்.

அருந்தவன் யோகாவைப் பார்த்தார். யோகா தடுக்கவில்லை. நல்ல கையில் பாதி றோல்ஸோடு, அவரும் கேட்கிறதற்கு ஆயத்தமாக இருந்தார்.

சொன்னால் யோகா அடி செத்துப்போகும். செத்துப்போனால், இனிமேல் கிழமைக்குக் கிழமை அந்தக் கதிரைக்கு வரப்போகிற அந்த ஹோய்?

அருந்தவன் தொண்டையைச் செருமினார். தலையைச் சரித்து, இடப்பக்கம் மேலே ஒரு பார்வை பார்த்தார்.

"அது பிள்ளை," என்றார், "மனசில வந்தது."

பின்னால் யோகாவுக்குப் புரையேறியது. நாகேஸ்வரி தண்ணீர்ப் போத்தலோடு ஓடிவந்து, அந்த மனிதரின் முதுகில் தட்டத் தொடங்கினாள்.

"தோள், தோள்," என்றார் யோகா, சிரிப்பும் இருமலுமாக. "மெதுவாத் தட்டு தங்கச்சி. உன்ர மனுசன் மாதிரி அடிக்காதை."